மாத்திரை கொடுக்கப் போகும் வீட்டைப் பற்றிச் சொந்தக்காரர்கள் விசாரித்தால் என்ன சொல்வது?

கேள்வி, 4 மே 2025

ஊத்தங்கரை பக்கம் ஒரு கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை. என் சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீடு என் ஏரியாவில்தான் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டிக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கிறேன். போன மாதம் பாட்டியின் சீட்டைத் தேடும்போது, அந்தப் பையன் பெயர் போட்ட வலிப்பு மருந்துச் சீட்டும் மாத்திரையும் கண்ணில் பட்டன. இப்போது சித்தி என்னைப் பிடித்துக்கொண்டு, "நீ போய் வர்ற வீடுதானே, பையன் எப்படி, ஏதாவது நோய் நொடி உண்டா?" என்று கேட்கிறார். சொன்னால் வேலைக்குத் துரோகம், சொல்லாவிட்டால் தங்கச்சிக்குத் துரோகம். வைகாசியில் நிச்சயம் வைக்கப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

4 மே, இரவு

சொல்லாதீர்கள். சித்தியிடம் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்காரரிடம்கூட வேண்டாம். எந்தக் காலத்திலும், யாரிடமும் கூடாது.

தருமபுரி மாவட்டத்தில் 29 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். 2020-ல் ஓய்வு பெற்றேன். இதே கேள்வியை என்னிடம் கேட்காத கல்யாண வீடு என் ஏரியாவில் இல்லை. "நர்சம்மாவுக்குத் தெரியாததா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அந்த வீட்டுக்குள் உங்களை விட்டது நீங்கள் யார் மகள் என்பதற்காக இல்லை, கையில் மருந்துப் பை இருந்ததற்காக. அந்தப் பையோடு போனபோது கண்ணில் பட்ட எதுவும் அந்த வாசற்படியைத் தாண்டி உங்களோடு வரக் கூடாது. பாட்டியின் பிரஷர் அளவானாலும் சரி, பேரனின் மாத்திரையானாலும் சரி, மூலையில் கிடக்கும் சாராய பாட்டிலானாலும் சரி.

ஆனால் "ஒண்ணும் இல்ல சித்தி, பையன் நல்லா இருக்கான்" என்றும் சொல்லிவிடாதீர்கள். அது பொய். நாளைக்கு ஒரு கல்யாணமே அந்தப் பொய்யை நம்பி நடந்துவிடும். நான் சொல்லிப் பழகிய பதில் இது: "நான் மருந்து கொடுக்கப் போற வீடு. எந்த வீட்டைப் பத்தியும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவங்களையே நேரா கேளுங்க." இதை நோய் இருக்கும் வீட்டுக்கும் சொல்ல வேண்டும், இல்லாத வீட்டுக்கும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு "தங்கமான குடும்பம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வீட்டுக்கு "நான் சொல்ல மாட்டேன்" என்றால் முடிந்தது கதை. சித்திக்கு அதுவே போதும்.

5 மே

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்டிருக்கிறார்கள். 2004-ல் நடந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணுக்குக் காசநோய். அப்போது வாரத்தில் மூன்று நாள், எங்கள் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் பெயர். ஒரு வேளை மருந்துகூடத் தவறக் கூடாது என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. ஒரு நாள் அவள் வரவில்லை. தேடிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டேன். பத்துப் பெண்கள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றபடியே, "என்னம்மா, டிபி மாத்திரை போட வரலையா?" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். அவள் நிமிரவே இல்லை.

அந்த வாரமே அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அடுத்த மாதம் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே அடுத்தவருக்குத் தொற்றும் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். அவள் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தாள். அதை மாமியாரோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரம் இருந்தது, நான் பேசவில்லை. வரப்பில் நின்று கத்தத்தான் தெரிந்தது. அதையும் அக்கறையில்தான் செய்தேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவளுடைய மருந்துப் பெட்டியை அம்மா ஊர்ப் பக்கத்துச் சப் சென்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆறு மாதம் முடித்து நோய் குணமானது. புருஷன் வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை.

உங்கள் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதற்கு முன்பு சர்க்கரைக்காரர் பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தால் தெருவுக்குத் தெரியாது. இப்போது பையும் மெஷினுமாக நீங்கள் ஒரு வாசலில் நின்றாலே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். பஸ் செலவு மிச்சம், கூட வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் திண்ணையில் நின்று "நூத்தி எண்பது இருக்கு பாட்டி" என்று அளவைச் சத்தமாகப் படிக்காதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

5 மே, மாலை

"ரகசியமெல்லாம் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சரி, கிராமத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்கிறார் ஒருவர். தெரியும்தான். ஆனால் ஊர் சொன்னால் அது வதந்தி. நர்சம்மா சொன்னால் சான்றிதழ்.

6 மே

நேற்று முழுக்க வாயை மூடுவதைப் பற்றியே எழுதிவிட்டேன். அந்தப் பையனுக்கும் உங்கள் தங்கச்சிக்கும் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

வலிப்பு இருந்தால் கல்யாணம் கூடாது என்ற எண்ணம் சட்டத்திலேயே இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் அதைச் சேர்த்தார்கள், 1999-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, நம் பக்கத்துத் திண்ணைகளில் இன்னும் எடுக்கவில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே வராமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக, அந்தப் பையனுக்கு இருக்கும் நோயைவிட அதை மறைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் நான் பார்த்திருக்கிறேன். ஒரு மருமகள், மாத்திரையைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்து எடுத்து வந்தவள். மாமியார் கண்ணில் படுமோ என்று பயந்து பயந்து, ஒரு கட்டத்தில் நிறுத்தியேவிட்டாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. களி கிண்டும்போது வந்துவிட்டது. வலது கை அடுப்பில். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது வெந்த இடத்தில் இட்லி மாவைப் பூசி வைத்திருந்தார்கள்.

அதனால் சித்திக்குச் சொல்லும் பதிலோடு உங்கள் வேலை முடியவில்லை. அந்தப் பையனிடம் பேசுங்கள். தனியாக, அவர் அம்மா கூட இல்லாதபோது. "பாட்டி சீட்டைத் தேடும்போது உங்க மாத்திரையைப் பார்த்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். பொண்ணு எனக்குத் தங்கச்சி முறை. நிச்சயத்துக்கு முன்னாடி நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லலாம். இதில் மிரட்டல் வாடை வந்துவிடக் கூடாது. அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லப் போவதில்லை என்பது அவருக்குப் புரிய வேண்டும்.

சித்தியிடமும் ஒன்று சொல்லலாம். ஜாதகம் கொடுத்து வாங்குகிறார்களே, அதுபோல உடம்பு விஷயத்தையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசட்டும். இரண்டு பக்கமும்தான். உங்கள் தங்கச்சிக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம்.

7 மே

"இதுவே எச்.ஐ.வி. என்றால்? அப்போதும் அவரே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருப்பீர்களா?" நியாயமான கேள்வி. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் வேலை பார்த்த எங்களுக்கு இது புதிதும் இல்லை.

1998-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதேதான். ரத்தம் கொடுக்க வந்தவருக்குப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றுவிடுகிறது. அவர் வழக்குப் போட்டார். மணக்க இருந்த பெண்ணின் உயிரும் பெரிது, சொன்னது தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. அதோடு நிற்காமல், நோய் உள்ளவரின் திருமண உரிமை பற்றியும் கடுமையாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதி அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று 2002-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது தனிச் சட்டமே இருக்கிறது. 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணைக்கு ஆபத்து இருக்கிறது என்றால் சொல்லலாம் என்று அதில் உண்டு. ஆனால் டாக்டரோ ஆலோசகரோ மட்டும்தான் சொல்லலாம். முதலில் நோயாளியே சொல்லும்படி ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியான பிறகு, "நான் சொல்லப் போகிறேன்" என்று அவருக்கே தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு துணையை நேரில் உட்கார வைத்து, ஆலோசனையோடு சொல்ல வேண்டும். நோய் உள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் புருஷன் அடிப்பான், விரட்டிவிடுவான் என்ற பயம் இருந்தால் அவனிடம் சொல்லவே கூடாது.

ஆக, முதல் நாள் "எந்தக் காலத்திலும் யாரிடமும்" என்று எழுதினேனே, அது சரியில்லை. விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இருந்ததில்லை. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் அனுப்பி வைப்பதோடு நம் வேலை முடிந்தது.

9 மே

இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

இன்னொரு விதிவிலக்கு, எனக்கு இன்னும் ஆறாதது. 2018. பென்னாகரம் பக்கம் மலையடிவாரத்து ஊர். கர்ப்பப் பதிவுக்கு வந்த பெண்ணுக்கு நான்கு மாதம். வயது 19 என்றார் அவள் அம்மா. பள்ளிச் சான்றிதழில் 17 நடக்கிறது. தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவன் பெங்களூரில் கட்டட வேலை செய்பவன். மனைவியே ஆனாலும் 18-க்குக் கீழ் என்றால் உறவு கொள்வது குற்றம்தான் என்று முந்தின வருடம் அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை. நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் மகளிர் காவல் நிலையத்துக்குச் சொன்னார். மூன்றாம் நாள் அவனைப் பிடித்துப் போனார்கள்.

பயிற்சியில் எங்களுக்கு நான்கு சொல்லிக் கொடுப்பார்கள். நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, நன்மை செய்வது, தீங்கு செய்யாமல் இருப்பது, எல்லாரையும் சமமாக நடத்துவது. நானே புதுப் பெண்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த மலையூரில் அந்த நான்கும் நான்கு பக்கம் இழுத்தன.

அவள் அம்மா மண்ணை வாரித் தூற்றினார். அதைக்கூட மறந்துவிட்டேன். எட்டாம் மாதத்தில் அந்தப் பெண் சப் சென்டருக்கு ஊசி போட வந்தாள். கிளம்பும்போது கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நர்சம்மா?"

சொல்லியிருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. இன்றைக்கு அதே நிலை வந்தாலும் தகவல் சொல்வேன், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. பதினேழு வயது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு கிராம்தான், பத்தாவதோடு படிப்பை நிறுத்தி அனுப்பிய பிள்ளை. ஆனால் முதலில் அவளை உட்கார வைத்து, "இதை நான் மறைக்க முடியாது, போலீஸ் வரும், இன்னின்னது நடக்கும், ஆனா உன் பிரசவத்தை ஆஸ்பத்திரியில யாரும் தடுக்க முடியாது, நான் கூட இருப்பேன்" என்று சொல்லியிருப்பேன். பெண்ணிடம்தான் சொல்கிறேன், வீட்டாரிடம் இல்லை. வீட்டாரிடம் முன்கூட்டியே சொன்னால் அன்றைக்கு ராத்திரியே பிள்ளையை வேறு ஊருக்கு ஏற்றிவிடும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு அடி விழும் வீடுகளும் உண்டு.

அவளிடம் சொல்லாமல் செய்ததன் விலையும் உண்டு. அடுத்த வருடம் அதே ஊரில் ஒரு பெண் ஏழாம் மாதம்வரை பதிவுக்கே வரவில்லை.

நான்கைந்து நாளாக எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். எச்.ஐ.வி. சட்டத்தில் சொல்லும் முன் அவருக்கே தெரிவி என்று இருக்கிறதே, அதைத்தான் இந்தப் பெண்ணும் கேட்டிருக்கிறாள். தக்காளித் தோட்டத்தில் நிமிராமல் இருந்தவளும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

10 மே

இரண்டு சேர்க்கை. போக்சோவில் ஆறு மாதச் சிறை என்றது தனி ஆளுக்கு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டுவரை. அடுத்தது, 18-க்குக் கீழ் இருக்கும் பெண் கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குக் கொடுக்கும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் இருக்கிறது. இதைத் தெரியாத டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயந்துபோய்ப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள், அது போலி ஆட்களிடம் போய் நிற்கிறது.

13 மே

குழுவில் படம் போடுவதைப் பற்றி ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். வீட்டுக்குப் போன அடையாளமாக நோயாளியைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்கிறார்களாம். இதில் நான் மறுபக்கத்தில் இருந்திருக்கிறேன்.

என் அம்மா பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் என் வீட்டில் படுக்கையில் இருந்தார். இடுப்பில் படுக்கைப் புண். கட்டுப் போட ஒரு செவிலியர் வருவார். நல்ல கை, அம்மா முகம் சுளித்தே நான் பார்த்ததில்லை. ஒரு நாள் நான் வெந்நீர் வைக்க உள்ளே போன நேரத்தில் புண்ணைப் படம் எடுத்திருக்கிறார். வெளியே வந்தபோது அம்மா அசைகிற இடது கையால் புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பேச்சு குழறும். ராத்திரிதான் புரிந்தது என்ன கேட்டார் என்று. "என்னை எதுக்கு எடுத்துச்சு அந்தப் பொண்ணு?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். படம் இல்லாவிட்டால் வேலை செய்யவில்லை என்று கணக்கு வைத்தால் அவர் என்ன செய்வார். புண் ஆறுகிறதா என்று டாக்டருக்குக் காட்டப் படம் உதவும் என்பதும் உண்மை. ஆனால் "புண்ணை ஒரு படம் எடுக்கட்டுமா, டாக்டருக்கு அனுப்ப" என்று அம்மாவிடம் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? முகம் தெரியாமல் எடுக்கலாம். அந்த டாக்டருக்கு மட்டும் அனுப்பலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த என் அம்மாவுக்கும் அது உண்டு.

14 மே

தருமபுரிக்காரி பேசிவிட்டு ஸ்கேன் பற்றிச் சொல்லாமல் போகிறாளே என்று நினைத்திருப்பீர்கள். 2001 கணக்கெடுப்பில், இப்போதைய தருமபுரி மாவட்டத்துக்குள், ஆறு வயதுவரை ஆயிரம் ஆண் பிள்ளைக்கு 826 பெண் பிள்ளை. பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் குழந்தையை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த வருடம்தான் சேலத்திலிருந்து நம் மாவட்டத்துக்கும் வந்தது. 2011-ல் அந்த எண்ணிக்கை 913. கருவில் இருப்பது என்ன என்று வாயாலோ சைகையாலோ சொல்வதே 1994 சட்டப்படி குற்றம். ஆனாலும் தூக்கிப் போகும் ஸ்கேன் மெஷினோடு ஆட்கள் பிடிபடும் செய்தி இன்னும் வருகிறது.

என் பதிவேட்டில் இரண்டு பெண் குழந்தைக்குப் பிறகு மூன்றாவது கர்ப்பம் என்று எழுதி, அடுத்த மாதம் போனால் "கலைஞ்சு போச்சு" என்பார்கள். நான்கைந்து வீடு அப்படி. மேலே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டு ரகசியம், நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வீடுகளுக்கு நான் பயந்தேன். ராத்திரி பிரசவத்துக்கு அதே தெருவில் தனியாக நடந்து போக வேண்டியவள் நான். என்றாலும் ஸ்கேன் எடுத்த இடத்தைப் பற்றியாவது மேலே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்காமலேயே சொல்லியிருக்க முடியும்.

கேள்வி கேட்டவர், 18 மே

அக்கா, நீங்கள் சொன்னபடி பையனிடம் தனியாகப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "நானே சொல்லிடறேன்" என்றார். ஆனால் அவர் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நேற்று நான் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "வேவு பார்க்கவா வர்ற, இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். பாட்டி உள்ளே இருந்து கூப்பிட்டார், என்னை விடவில்லை. சித்தியும் பேசுவதில்லை. நிச்சயம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

18 மே, இரவு

இது நான் சொன்ன யோசனையால் வந்தது, அதை மறுக்க மாட்டேன். பையனையும் தங்கச்சியையும் நினைத்தேன், பாட்டியை மறந்துவிட்டேன். அந்த வீட்டில் உங்கள் நோயாளி அவர் ஒருவர்தான்.

கல்யாணம் அவர்கள் பாடு. பாட்டிக்கு நேற்று மாத்திரை கொடுக்க முடியவில்லை என்றால் கையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது? என் அம்மா விழுந்தது இப்படித்தான். ஊருக்குப் போன இடத்தில் பிரஷர் மாத்திரை தீர்ந்து, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

நாளைக் காலையிலேயே உங்கள் செவிலியரிடம், அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் "என் சொந்தத்தில் சம்பந்தம் பேசுற வீடு, நான் போறது சரியில்ல" என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மைதான். மாத்திரையைப் பற்றி, பையனைப் பற்றி, அந்த அம்மா பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். சம்பந்தப் பேச்சு தொடங்கிய அன்றே இப்படி மாற்றிக் கேட்டிருக்க வேண்டும், அதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

போகிறவர் பாட்டிக்குப் பிரஷரும் பார்த்துவிட்டு வரட்டும். மாத்திரை கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.